'அப்பா எப்ப வருவார்?' என்று மகன் கேட்கிறான்

கேள்வி: என் கணவர் ஏழு மாதத்துக்கு முன்னால் மாரடைப்பில் இறந்துவிட்டார். அவருக்கு வயது 41. ஜெபக்கூட்டத்தில் நான் அழுதால், "அழாதீங்க, விசுவாசக் குறைச்சல் அது. நம்பிக்கையில்லாதவங்க மாதிரி துக்கிக்கக் கூடாதுன்னு பவுலே எழுதியிருக்கார்" என்கிறார்கள். ஆறு வயது மகனிடம், இயேசு வரும்போது அப்பாவும் வருவார் என்று சொல்லிவைத்தேன். இப்போது தினமும் "எப்ப வருவார்?" என்று கேட்கிறான். என்ன சொல்ல? முதல் வருஷ நினைவு நாளுக்குள் கல்லறை கட்ட வேண்டும். அதில் போட ஒரு வசனமும் சொல்லுங்கள்.
— ஒரு வாசகி, நாகர்கோவில் அருகிலிருந்து

பதில்:

சகோதரி, உங்களிடம் சொல்லப்பட்ட அந்த வசனத்தை முதலில் முழுசாக வாசித்துவிடுவோம். 1 தெசலோனிக்கேயர் 4:13: "அன்றியும், சகோதரரே, நித்திரையடைந்தவர்களினிமித்தம், நீங்கள் நம்பிக்கையற்றவர்களான மற்றவர்களைப்போலத் துக்கித்து, அறிவில்லாதிருக்க எனக்கு மனதில்லை." இதில் துக்கிக்காதே என்று எங்கே இருக்கிறது? 'மற்றவர்களைப்போல' என்ற சொல்லை விட்டுவிட்டு வாசித்தால்தான் அப்படி வரும். நம்பிக்கையற்ற துக்கம் ஒன்று, நம்பிக்கையுள்ள துக்கம் ஒன்று. இரண்டிலும் கண்ணீர் உண்டு.

பவுல் இதை யாருக்கு எழுதினார் என்று பார்த்தால் இன்னும் தெளிவாகும். ஏறக்குறைய கி.பி. 50. தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வுநாள் ஜெபஆலயத்தில் பேசினார், கலகம் வந்தது, இராத்திரியோடு இராத்திரியாக சகோதரர் அவரை பெரோயாவுக்கு அனுப்பிவிட்டார்கள் (அப்போஸ்தலர் 17). பாதிப் பாடத்தில் வாத்தியார் போய்விட்ட வகுப்பு மாதிரி ஆகிவிட்டது அந்தச் சபை. இயேசு திரும்ப வருவார் என்பது அவர்களுக்குத் தெரியும். அதற்குள் சிலர் இறந்துபோனார்கள். அப்போது அவர்களுக்கு வந்த பயம் நம் ஊர்ப் பயம்தான். கல்யாணம் கல்யாணம் என்று காத்திருந்த தாத்தா, மாப்பிள்ளை வாசலுக்கு வருவதற்குள் போய்விட்டால் என்ன சொல்லி அழுவோம்? 'பார்க்கக் கொடுத்துவைக்கலையே' என்றுதானே. செத்தவர்கள் அந்த நாளைத் தவறவிட்டார்களே என்றுதான் அவர்களும் கலங்கினார்கள்.

பவுலின் பதில் அதற்குத்தான். இல்லை, அவர்கள் தவறவிடவில்லை, உயிரோடிருக்கிற நாம் அவர்களுக்கு முந்திக்கொள்ளப் போவதுமில்லை, கிறிஸ்துவுக்குள் மரித்தவர்கள் "முதலாவது எழுந்திருப்பார்கள்" என்கிறார். உங்கள் கணவர் வரிசையில் பின்னால் இல்லை, முன்னால் இருக்கிறார். அந்தப் பகுதி எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள்: "ஆகையால், இந்த வார்த்தைகளினாலே ஒருவரையொருவர் தேற்றுங்கள்." இது பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறவர்களுக்குக் கொடுத்த வேலை. அழுகிறவளை அதட்ட இதை எடுத்தால் தலைகீழாகப் பிடித்திருக்கிறோம் என்று அர்த்தம்.

அழுகையைப் பற்றி இன்னும் கொஞ்சம். பெத்தானியாவில் லாசருவின் கல்லறையிடத்துக்கு வரும்போது, இன்னும் சற்று நேரத்தில் அவனை எழுப்பப் போகிறோம் என்று இயேசுவுக்குத் தெரியும். தெரிந்தும், "இயேசு கண்ணீர் விட்டார்" (யோவான் 11:35). உயிர்த்தெழுதல் நிச்சயம் என்றால் அழ வேண்டியதில்லை என்பது சரியானால், அன்றைக்கு அழாமல் இருந்திருக்க வேண்டியவர் அவர்தான். முதல் இரத்தசாட்சியான ஸ்தேவான் வானம் திறந்திருக்கக் கண்டே மரித்தவர். அவரை அடக்கம்பண்ணினவர்களை "தேவபக்தியுள்ள மனுஷர்" என்று சொல்லிவிட்டு, அவர்கள் "மிகவும் துக்கங்கொண்டாடினார்கள்" என்று எழுதுகிறது அப்போஸ்தலர் 8:2. பவுலும்கூட, தன் உடன்வேலையாளான எப்பாப்பிரோதீத்து செத்திருந்தால் எனக்குத் "துக்கத்தின்மேல் துக்கம்" ஆகியிருக்கும் என்கிறார் (பிலிப்பியர் 2:27). கி.பி. 387-ல் தாயார் மோனிக்கா இறந்தபோது, ஆதிச்சபையின் பெரிய போதகரான அகஸ்டின் பிறர் முன்னால் கண்ணீரை அடக்கி அடக்கி வைத்தார். குளித்தால் துக்கம் போகும் என்று கேள்விப்பட்டுக் குளித்தும் பார்த்தார், போகவில்லை. ஒரு தூக்கம் தூங்கி எழுந்த பிறகு தனியாக அழுதுதான் மனசு ஆறினார். அவரே எழுதிவைத்திருக்கிறார்.

நம் சபைகளில் ஒப்பாரி கூடாது என்று கண்டித்துக் கண்டித்து, அதோடு சேர்த்து அழுகையையும் வாசலுக்கு வெளியே தள்ளிவிட்டோமோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு. சவுலுக்கும் யோனத்தானுக்கும் தாவீது பாடினது ஒப்பாரி இல்லாமல் வேறென்ன?

சரி, மகன் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் கவனம் வேண்டும். நான் ஊழியம் செய்த ஓர் ஊரில், பாட்டி இறந்தபின் நாலு வயதுக் குழந்தை ஒன்று இராத்திரி கண்ணை மூடவே மாட்டேன் என்று அடம்பிடித்தது. தாயார் மடியில் போட்டுத் தட்டினாலும் விரலால் இமையைத் தூக்கிப் பிடித்துக்கொள்ளும். ரெண்டு வாரம் கழித்துத்தான் காரணம் தெரிந்தது. தெருமுனையில் ஒட்டியிருந்த கண்ணீர் அஞ்சலி போஸ்டரைக் காட்டி யாரோ அதற்கு வாசித்துச் சொல்லியிருக்கிறார்கள்: 'கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்.' தூங்கினால் பெட்டிக்குள் வைத்துவிடுவார்கள் என்று அது முடிவுகட்டிவிட்டது. வேதத்தில் நித்திரை என்பது எழும்பப் போகிறவர்களுக்குச் சொல்லும் அருமையான சொல். கல்லறைத் தோட்டத்துக்குக் கிரேக்கக் கிறிஸ்தவர்கள் வைத்த பேருக்கே 'தூங்குமிடம்' என்றுதான் பொருள். ஆனால் அது பெரியவர்களுக்கான சொல். ஆறு வயதுப் பையனிடம் 'அப்பா செத்துட்டார், அவர் இதயம் நின்றுபோச்சு, உடம்பு இனி வேலை செய்யாது' என்று பச்சையாகச் சொல்வதே நல்லது. 'இயேசுவுக்கு அப்பா தேவைப்பட்டார், எடுத்துக்கிட்டார்' என்று மட்டும் சொல்லாதீர்கள். எனக்கும்தானே அப்பா தேவை என்று பிள்ளைக்கு இயேசுமேல் கோபம் வரும். அந்தக் கோபம் நியாயமும்கூட.

'அப்பாவும் வருவார்' என்று நீங்கள் சொன்னது பொய்யில்லை. "இயேசுவுக்குள் நித்திரையடைந்தவர்களையும் தேவன் அவரோடேகூடக் கொண்டுவருவார்" என்பது வசனம். சிக்கல், அவனுடைய கணக்கில் 'வருவார்' என்றால் வேலைவிட்டு வருகிற மாதிரி. அதனால் இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "எப்பன்னு அம்மாவுக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. நாளைக்கு இல்ல, உன் பிறந்தநாளுக்கும் அப்பா வரமாட்டார்னு நினைச்சுக்கோ. ஆனா இயேசு வர்ற அன்னைக்கு அப்பாவப் பார்ப்போம். அதுவரைக்கும் அவர் இயேசுகிட்ட பத்திரமா இருக்கார். எனக்கும் அப்பாவத் தேடுது." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். நம் பக்கத்துச் சொல், 'தேடுது'. அம்மாவுக்கும் தேடுகிறது என்று தெரிந்தால் அவன் தன்னந்தனியாகக் காத்திருக்க மாட்டான். திரும்பத் திரும்பக் கேட்பான். அதே பதிலையே சொல்லுங்கள்.

'யாருக்குமே தெரியாது' என்பதில் உறுதியாக இருங்கள், ஏனென்றால் நாள் குறிக்கிற வீடியோக்கள் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வரும். அமெரிக்காவில் வில்லியம் மில்லரின் சீடர்கள் 1844 அக்டோபர் 22-ஐக் குறித்துக் காத்திருந்தார்கள். அங்கேயே வானொலிப் பிரசங்கியார் ஹெரால்டு கேம்பிங் 2011 மே 21 என்றார். இரண்டு நாளும் சும்மா விடிந்தன. மத்தேயு 24:36 தெளிவாகவே இருக்கிறது.

அப்புறம் அந்த 'எதிர்கொண்டுபோக' என்ற சொல். "கர்த்தருக்கு எதிர்கொண்டுபோக" என்று 1 தெசலோனிக்கேயர் 4:17-ல் வருகிறதே, அதன் கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் வேறு இரண்டு காட்சிகளில் வருகிறது. தீவட்டியோடு மணவாளனை எதிர்கொள்ளப் புறப்படும் கன்னிகைகள் ஒன்று (மத்தேயு 25). பவுல் ரோமுக்கு வருகிறார் என்று கேட்டு அப்பியுபுரம் வரைக்கும் நடந்துவந்த சகோதரர் இன்னொன்று (அப்போஸ்தலர் 28:15). அந்தச் சகோதரர் பவுலைச் சந்தித்து அப்படியே வேறெங்கும் போய்விடவில்லை, கூட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினார்கள். மாப்பிள்ளை அழைப்புக்கு ஊர் எல்லைவரை போய்த் திரும்புகிற மாதிரி. இந்த வசனத்தை உலகத்தை விட்டுப் பறந்துபோவதாக வாசிக்கிற சபைகள் உண்டு, உங்கள் சபையும் அப்படி இருக்கலாம். எனக்கு இந்த மாப்பிள்ளை அழைப்புதான் பொருத்தமாகப் படுகிறது. விசுவாசப் பிரமாணத்தில் வாராவாரம் 'சரீர உயிர்த்தெழுதல்' என்று சொல்கிறோமே, அதோடும் இது ஒத்துப்போகிறது. உங்கள் கணவரை ஆவியாக எங்கோ மேகத்தில் தேட வேண்டியதில்லை. முகமும் கையுமாகப் பார்ப்போம் என்பதே வாக்குத்தத்தம்.

அவர் இப்போது எங்கே? "இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்" என்று கள்ளனுக்குச் சொன்னதைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் வரைபடம் போட்டுக் காட்டுகிறவர்களை நான் அவ்வளவாக நம்புவதில்லை.

ஒன்றை நீங்கள் எழுதவில்லை, நானே கேட்டுவிடுகிறேன். 'நானும் அவரோடே போய்விட்டால் என்ன' என்று நினைப்பு வருகிறதா? சாப்பாடு, தூக்கம் வாரக்கணக்கில் விட்டுப்போயிருக்கிறதா? எலியா "போதும் கர்த்தாவே" என்று சூரைச்செடியின் கீழ் சாகக் கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, தூங்கவிட்டு, திரும்ப எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். அப்படி இருந்தால் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்பது அரசின் டெலி மானஸ் எண், கட்டணமில்லை, தமிழிலும் பேசலாம். டாக்டரிடம் போவது விசுவாசக் குறைச்சல் என்று யாராவது சொன்னால் எலியாவின் அடையை ஞாபகப்படுத்துங்கள்.

கல்லறைக்கு யோவான் 11:25 போடுங்கள்: "நானே உயிர்த்தெழுதலும் ஜீவனுமாயிருக்கிறேன்." அதையே ஏன் சொல்கிறேன் என்றால், லாசருவின் சகோதரி மார்த்தாளும் உங்களைப் போலவே 'கடைசிநாளிலே எழுந்திருப்பான் என்று அறிவேன்' என்றாள். தெரிந்திருந்தும் அவளுக்கு அன்றைக்கு ஆறவில்லை. அந்த இடத்தில் சொன்ன வார்த்தை இது. கல்லில் எழுத்து குறைவாக இருந்தால் ஆழமாக வெட்டலாம், மழையில் அழியாது. கட்ட அவசரப்பட வேண்டாம், மண் இறங்க ஒரு மழைக்காலம் போகட்டும்.

நினைவு நாள் மட்டுமில்லாமல் ஈஸ்டர் விடியற்காலையிலும் அங்கே போங்கள். 1732-ல் ஜெர்மனியில் ஹெர்ன்ஹூட் ஊர் மொராவிய சபை இளைஞர்கள் ஈஸ்டர் அன்று இருட்டோடே எழுந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாடினார்கள். அந்த வழக்கம் அங்கிருந்து பல நாடுகளுக்குப் பரவியது. மகனையும் கூட்டிப்போங்கள். மெழுகுவர்த்தியை அவனே ஏற்றட்டும். அழுகை வந்தால் அவன் முன்னாலேயே அழுங்கள். அந்த நேரத்தில் பனி இருக்கும், அவன் தலையில் ஒரு துண்டைக் கட்டிவிடுங்கள்.