துளையை அடைக்காதீர்கள்

கேள்வி: தெர்மாகோல் பெட்டியில் பல்பு போட்டு நாட்டுக்கோழி முட்டை வைத்தேன். சூடு போகக்கூடாதென்று துளைகளை அடைத்தேன். பாதிக் குஞ்சுகள் முழுதாக வளர்ந்தும் ஓட்டுக்குள்ளேயே இறந்துவிட்டன. ஏன்?
- வாசகி, ஒட்டன்சத்திரம்

பதில்: மூச்சு முட்டித்தான் இருக்கும், அம்மா. முதல் தடவை எனக்கும் இப்படித்தான். முட்டை ஓட்டை உடைத்துப் பார்த்தால் அலகு காற்றறைக்குள் (முட்டையின் அகன்ற முனையில் காற்று இருக்கும் இடம்) நீட்டியபடி இருந்தது. இன்றும் மறக்கவில்லை. கடைசி 3 நாளில் குஞ்சு நுரையீரலால் மூச்சுவிடத் தொடங்கும். காற்று அப்போதுதான் அதிகம் வேண்டும். கீழே சில துளை, மேலே சில துளை திறந்தே இருக்கட்டும். சூடு குறைந்தால் பெரிய பல்பு மாட்டுங்கள், துளையை மூடாதீர்கள். வெப்பமானியை மூடியில் ஒட்டாமல் முட்டையின் மேல்மட்டத்தில் வையுங்கள். ஃபேன் இருந்தால் 37.5 டிகிரி, இல்லாவிட்டால் 38.5 முதல் 39. அப்புறம், 18-ம் நாளிலிருந்து முட்டையைத் திருப்பவேண்டாம். அகலத் தட்டில் தண்ணீர் வையுங்கள்.