வார்டில் தெரிவது என்க்ளெக்ஸ் கேஸ் ஸ்டடியில் ஏன் வரமாட்டேன் என்கிறது?

கேள்வி: சர்ஜிகல் வார்டில் ஆறு வருடமாக ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். அமெரிக்காவில் நர்ஸ் உரிமம் பெறுவதற்கான என்க்ளெக்ஸ்-ஆர்என் தேர்வுக்காகக் கேள்வி வங்கியில் இரண்டாயிரத்துக்கு மேல் போட்டுவிட்டேன். தனிக் கேள்விகள் சரியாக வருகின்றன, ஒரே நோயாளியை வைத்துத் தொடர்ந்து கேட்கும் கேஸ் ஸ்டடி என்றால் பாதிக்கு மேல் தப்பு. “ரீகால்ஸ் வாங்கிப் படித்தால் போதும்” என்கிறார்கள் கோச்சிங்கில். வாங்கலாமா? கிளினிக்கல் ஜட்ஜ்மென்ட்டை, அதாவது நோயாளியின் நிலையைப் பார்த்து எதைச் செய்வது என்று தீர்மானிப்பதை, எப்படித்தான் பயிற்சி செய்வது?

பதில்: வாங்காதீர்கள். எழுதிவிட்டு வந்தவர் நினைவிலிருந்து சொன்னதாக விற்கப்படும் தாள்தான் ரீகால்ஸ். கேள்விகளை வெளியே சொல்லமாட்டேன் என்று ஒப்புக்கொண்ட பிறகுதான் தேர்வுத் திரையே திறக்கும். மீறியது தெரிந்தால் முடிவை ரத்து செய்யலாம். அதோடு, நீங்கள் தரும் பதில்களை வைத்தே கணினி உங்களுக்கான கேள்விகளைத் தேர்ந்தெடுக்கிறது. அடுத்தவருக்கு வந்த கேள்வியை மனப்பாடம் செய்து என்ன பயன்? இதை விற்பவருக்கு நீங்கள் தேறினாலும் லாபம், தோற்றால் இன்னும் லாபம்.

உங்கள் சிக்கலுக்கு வருவோம். ஏப்ரல் 2023 முதல் தேர்வு புதிய வடிவத்தில் நடக்கிறது. குறைந்தது 85, அதிகபட்சம் 150 கேள்விகள், ஐந்து மணி நேரம். மதிப்பெண்ணுள்ள கேஸ் ஸ்டடி மூன்று, ஒவ்வொன்றிலும் ஆறு கேள்விகள். அந்த ஆறும் ஒரே வரிசையில் வரும்: எந்த அறிகுறி முக்கியம், அது எதைக் காட்டுகிறது, எது முதல் ஆபத்து, என்னென்ன செய்யலாம், இப்போது எதைச் செய்வது, செய்தது பலித்ததா. வார்டில் இந்த ஆறும் ஒரே நொடியில் கைவழியே நடந்துவிடுகின்றன. தேர்வு அவற்றைப் பிரித்துக் கேட்கிறது. நீங்கள் தடுமாறுவது அங்கேதான்.

ஒரு கேஸ் எடுத்துக்கொள்வோம். இடுப்பு மூட்டு மாற்றி இரண்டாம் நாள், 68 வயது. திடீர் மூச்சுத்திணறல், மூச்சு நிமிடத்துக்கு 28, நாடி 118, ரத்தத்தில் ஆக்சிஜன் அளவான சாச்சுரேஷன் 88, ஒரு கெண்டைக்காலில் வீக்கம். கூடவே காய்ச்சல் 37.8, வலி பத்துக்கு 4, இரண்டு நாளாக மலம் போகவில்லை, வலிக்கு மார்ஃபின் போயிருக்கிறது. விடைகளைப் பார்க்காமல் தாளில் ஆறு வரி எழுதுங்கள். முதல் வரியில் மூச்சு, நாடி, சாச்சுரேஷன், கால் வீக்கம் மட்டும். மலச்சிக்கல் அங்கே வரக்கூடாது. இரண்டாவது வரியில் நுரையீரலில் ரத்தக்கட்டி, நிமோனியா, மார்ஃபின் என்று மூன்றையும் வைத்து, ஒவ்வொன்றுக்கும் எதிரான சாட்சியையும் எழுதுங்கள். மார்ஃபின் மூச்சைக் குறைக்கும், இங்கே 28. அது போயிற்று. திடீரென்று வந்தது, கால் வீங்கியிருக்கிறது என்பதால் ரத்தக்கட்டி முன்னுக்கு வருகிறது. அதன் பிறகுதான் தலையை உயர்த்துவது, ஆக்சிஜன், அவசரத்துக்கு ஓடிவரும் ராப்பிட் ரெஸ்பான்ஸ் குழு. காலைப் பிடித்துவிடுவதும் நடக்கவைப்பதும் ‘செய்யக்கூடாதவை’. கடைசி வரியில் எந்த எண் எங்கே வந்தால் பலித்தது என்பீர்கள் என்று முன்கூட்டியே எழுதுங்கள்.

இன்னொரு பொறி, ‘எதற்கும் இருக்கட்டும்’ என்று கூடுதலாக டிக் செய்வது. எத்தனை வேண்டுமானாலும் தேர்ந்தெடுக்கலாம் என்ற வகையில் சரிக்கு ஒன்று கூடும், தப்புக்கு ஒன்று கழியும். ஐந்து சரியோடு மூன்று தப்பையும் தொட்டால் கிடைப்பது இரண்டு. நான்கு சரியை மட்டும் தொட்டு நிறுத்தியவருக்கு நான்கு. மொத்தம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது என்பது ஒன்றுதான் ஆறுதல்.

‘முதலில் அசெஸ்மென்ட்’, அதாவது முதலில் நோயாளியைப் பரிசோதித்துப் பார், என்று எல்லா கோச்சிங்கிலும் சொல்லிக்கொடுக்கிறார்கள். அதற்கு உள்ள விலக்கை யாரும் சொல்வதில்லை, அதிலேதான் நிறையப் பேர் விழுகிறார்கள். செயலைத் தீர்மானிக்கப் போதுமான தகவலைக் கேள்வியே தந்துவிட்டால், மறுபடி அசெஸ் செய்வது தாமதம். நீரிழிவு நோயாளிக்கு வியர்வை, குழப்பம் என்று மட்டும் இருந்தால் குளுக்கோமீட்டர். சர்க்கரை 48, விழுங்க முடிகிறது என்றும் எழுதியிருந்தால் 15 கிராம் சர்க்கரை கொடுப்பதுதான் விடை. நாடி, ரத்த அழுத்தம் போன்ற வைட்டல்ஸ் பார்ப்பது அல்ல. ரத்தம் ஏற்றத் தொடங்கிப் பத்தாவது நிமிடம் நடுக்கம், இடுப்பு வலி என்றால் முதலில் ரத்தத்தை நிறுத்து. புதிய ட்யூபில் நார்மல் சலைன், வைட்டல்ஸ், டாக்டர், ரத்த வங்கி எல்லாம் அதற்குப் பிறகு. ஆகவே ஒவ்வொரு முறையும் கேட்டுக்கொள்ளுங்கள்: இந்த அசெஸ்மென்ட்டின் முடிவு என்னவாக இருந்தாலும் என் அடுத்த செயல் மாறுமா? மாறாது என்றால் செயல்தான் முதலில்.

‘டாக்டரை அழை’ என்பதும் இதே கணக்குதான். நர்ஸ் கையால் உடனே செய்யக்கூடியது ஒன்று விடைகளில் இருந்தால், அழைப்பது இரண்டாவது. ‘டாக்டருக்கு இன்ஃபார்ம் செய்தாயிற்று’ என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது என வருடக்கணக்கில் நர்ஸ்களைப் பழக்கிவிட்டு, பிறகு தீர்மானிக்கத் தெரியவில்லை என்று குறை சொல்கிறது இந்த அமைப்பு. தப்பு உங்களுடையது மட்டுமல்ல.

ஒரு நாளைக்கு நூறு கேள்வி போடுவதை நிறுத்துங்கள். மூன்று கேஸ், பதினெட்டுக் கேள்வி போதும். போட்ட நேரத்தைப்போல இரு மடங்கு திரும்பப் பார்க்க ஒதுக்குங்கள். தப்பான ஒவ்வொன்றுக்கும் நோட்டில் காரணம் எழுதுங்கள்: அறிகுறியைப் பார்க்கவில்லை, பார்த்தும் தப்பாகப் புரிந்துகொண்டேன், எது முதல் என்பதில் தவறினேன், கூடுதலாக டிக் செய்தேன். இரண்டு வாரத்தில் ஒரு காரணமே திரும்பத் திரும்ப நிற்கும். மருந்தியல் தெரியாததால் வந்த தப்பு என்றால் மட்டும் புத்தகத்துக்குப் போங்கள்.

கேஸ் ஸ்டடியில் முந்தைய கேள்வியின் விடையை மாற்ற முடியாது. ஆனால் அங்கே தப்பு விட்டதால் அடுத்ததும் போய்விட்டது என்று பொருளில்லை. அடுத்த கேள்விக்குள் நுழைந்ததும் நர்ஸ் நோட்ஸில் புதிய பதிவு சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், நேரத்தோடு.

பதிவு விஷயத்திலும் ஒரு வார்த்தை. தேர்வு எழுதும் அனுமதிக் கடிதம் மின்னஞ்சலுக்குத்தான் வரும். சில ஏஜென்ட்டுகள் தங்கள் மின்னஞ்சலைக் கொடுத்துப் பதிந்துவிட்டு, பாஸ்வேர்டை வைத்துக்கொண்டு பணம் கேட்பார்கள். உங்கள் மின்னஞ்சலில், பாஸ்போர்ட்டில் இருக்கும் பெயர் எழுத்துக்கு எழுத்து அப்படியே இருக்கும்படி நீங்களே பதியுங்கள். தேர்வுக் கட்டணம் 200 டாலர். அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் 150 டாலரும், அந்த நாட்டில் வரி இருந்தால் அதுவும் கூடுதல். அதற்கு மேல் ‘தேர்வுக் கட்டணம்’ என்று யார் கேட்டாலும் ரசீது கேளுங்கள்.