இரவு பஸ்ஸும் இன்சுலின் ஊசியும்

கேள்வி: எனக்கு 54 வயது. கிளிநொச்சிக்குப் பக்கத்தில் இருக்கிறேன். 11 வருசமாகச் சலரோகம். காலையில் 24, மாலையில் 16 அலகு மிக்ஸ்ராட் ஊசி, மெற்போமின் 500 இரண்டு நேரம், பிறசருக்கு லொசாட்டனும் அம்லோடிபினும் எடுக்கிறேன். மகளின் அலுவலாக அடிக்கடி இரவு பஸ்ஸில் கொழும்பு போய்வர வேண்டியிருக்கிறது. சத்தி வரும் என்று அன்று இரவுச் சாப்பாட்டை விட்டுவிடுவேன். வழியில் மலசலகூடம் சரியில்லை என்று தண்ணீரும் குடிப்பதில்லை. போனமுறை ஊசியைப் போட்டுவிட்டு எட்டரைக்கு ஏறினேன். வவுனியா தாண்டியதும் வேர்த்து, நடுங்கி, பேச்சுக் குழறியது. பக்கத்துச் சீற்றில் இருந்தவர் சோடா தந்துதான் தெளிந்தேன். காலையில் இரண்டு பாதமும் வீங்கியிருந்தது. வருகிற மாதம் திருச்சிக்கும் திருவண்ணாமலைக்கும் கோயில் பயணம் வேறு இருக்கிறது. உடம்பு பழுதாகாமல் போய்வர என்ன செய்யலாம்?

பதில்: பஸ்ஸில் நடந்தது சீனி இறங்கியதுதான். நீங்கள் போடும் மிக்ஸ்ராட் 30/70 இரண்டு இன்சுலின் கலந்த மருந்து. அதில் 30 பங்கு அரை மணித்தியாலத்தில் வேலையைத் தொடங்கி, இரண்டு முதல் நான்கு மணித்தியாலத்துக்குள் உச்சத்துக்கு வரும். மற்ற 70 பங்கு மெதுவாக ஏறி இரவு முழுவதும் நிற்கும். ஆறரைக்கு ஊசி போட்டிருந்தால் எட்டரைக்கும் பத்தரைக்கும் இடையில் முதல் பங்கு உச்சத்தில் நிற்கும், அதற்குப் பின்னால் இரண்டாவது பங்கு ஏறிவரும். வயிற்றிலோ ஒன்றுமில்லை. வவுனியாவில் வேர்த்ததில் வியப்பில்லை. நித்திரையாகிவிட்டிருந்தால் புத்தளம் தாண்டியும் யாருக்கும் தெரிந்திருக்காது.

பயண நாளில் ஊசியைக் கடிகாரத்தைப் பார்த்துப் போடவேண்டாம், சாப்பாட்டைப் பார்த்துப் போடுங்கள். சாப்பாட்டுக்கு அரை மணித்தியாலம் முன்னர் ஊசி என்பது வீட்டில் சரி, ஏனென்றால் அங்கே அடுப்பில் புட்டு வேகிறது. பயண நாளில் தட்டு முன்னால் வந்தபிறகு ஊசியை எடுங்கள். அரை மணித்தியாலப் பிந்தலால் சீனி கொஞ்சம் கூடலாம், அதனால் ஆபத்து இல்லை. சாப்பிடவே முடியவில்லை என்றால் கலப்பு ஊசியின் முழு அளவைப் போடக்கூடாது. அதற்காக நீங்களாகவே ஊசியை முற்றாக விடவும் வேண்டாம். போக முதல் கிளினிக்கில் "இரவுப் பயணத்துக்கு மாலை அளவு எவ்வளவு, சாப்பிட முடியாவிட்டால் எவ்வளவு" என்று கேட்டு, கிளினிக் கொப்பியில் எழுதுவித்துக்கொள்ளுங்கள். இப்படியான இரவுகளுக்கு மாலை அளவை 10 முதல் 20 வீதம் குறைப்பது வழக்கம். உங்கள் 16 அலகு 13 அல்லது 14 ஆகும். ஆனால் அந்த முடிவை உங்கள் கடைசிச் சீனி அளவையும் சிறுநீரகப் பரிசோதனையையும் பார்த்த வைத்தியர்தான் எடுக்கவேண்டும். சிறுவயதிலேயே சலரோகம் வந்து இன்சுலினில் மட்டும் இருப்பவர்களுக்கு இந்தக் கணக்கு வேறு. அவர்கள் ஒரு நேர ஊசியையும் விடக்கூடாது.

சத்திப் பயத்துக்கு வெறும் வயிறு மருந்தல்ல. வெறும் வயிற்றிலும் சத்தி வரும். பஸ் எட்டரைக்கென்றால் ஆறரைக்கே சாப்பிட்டு முடியுங்கள். வழக்கமாக ஐந்து இடியப்பம் என்றால் அன்றும் ஐந்து, சொதியோடு. பொரியலையும் தேங்காய்ப்பால் தடித்த கறியையும் அன்றைக்கு விடுங்கள், எண்ணெய்ச் சாப்பாடு வயிற்றில் கனநேரம் கிடக்கும். முன்பக்கச் சீற்றைக் கேட்டு வாங்குங்கள். பின்சில்லுக்கு மேலும் கடைசி வரிசையிலும் ஆட்டம் கூட. போனைப் பார்த்துக்கொண்டு போகவேண்டாம். சத்திக் குளிசை எடுப்பதென்றால் அது நித்திரையைத் தரும் வகை, சீனி இறங்குவது தெரியாமல் போகலாம். ஆகவே அதை எடுக்கும் இரவில் தனியே போகாதீர்கள், ஏற முதல் ஒருமுறை சீனி பாருங்கள். ஏறும்போது 100க்குக் கீழே இருந்தால் நாலு கிறீம் கிரக்கரோ ஒரு வாழைப்பழமோ சாப்பிட்டுவிட்டு ஏறுங்கள்.

வழியில் சீனி இறங்கினால் என்ன செய்வதென்பதை உங்களோடு வருபவரும் தெரிந்திருக்கவேண்டும். 70க்குக் கீழே என்றால், அல்லது சீனி பார்க்கும் மீற்றர் இல்லாமல் வேர்வை, நடுக்கம், நெஞ்சுப் படபடப்பு, திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல் என்று வந்தால், மூன்று தேக்கரண்டி சீனியை அரைக் கிளாஸ் தண்ணீரில் கரைத்துக் குடியுங்கள். சீனி போட்ட இனிப்புச் சோடா என்றால் 150 மில்லிலீற்றர். சீனியில்லாத சோடா வேலை செய்யாது. சொக்கிளேற்றும் இதற்குச் சரிவராது, அதிலுள்ள கொழுப்பு சீனி இரத்தத்தில் சேர்வதைப் பிந்தச் செய்யும். 15 நிமிடத்தில் திரும்பப் பாருங்கள். ஏறவில்லையென்றால் அதே அளவு இன்னொருமுறை. ஏறியதும் நாலு பிஸ்கட் சாப்பிட்டாகவேண்டும், இல்லாவிட்டால் கலப்பு ஊசியின் 70 பங்கு ஒரு மணித்தியாலத்தில் திரும்பவும் இழுத்துவிடும். சோடா குடித்துத் தெளிந்ததும் நித்திரைக்குப் போகும் பலர் இரண்டாவது தடவை விழுவது இதனால்தான். கிளிக்கிளசைட் போன்ற சலரோகக் குளிசை எடுப்பவருக்கும் இதே பிரச்சினை வரும், இன்னும் நீண்டநேரம் நிற்கும். நினைவில்லாதவரின் வாயில் எதையும் ஊற்றவேண்டாம். பக்கவாட்டில் சரித்துப் படுக்கவைத்து 1990 அம்புலன்சுக்கு அழைத்து எந்த இடத்தில் நிற்கிறீர்கள் என்று சொல்லுங்கள். சீனிப் பொட்டலத்தை மேலே தட்டில் கிடக்கும் பையில் வைக்காமல் மடியில் வைத்திருங்கள். ஏறும்போது நடத்துநரிடம் "எனக்குச் சலரோகம், ஊசி போடுகிறேன்" என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள். குழறிப் பேசும் ஒருவரைப் பார்த்து குடிவெறியில் இருக்கிறார் என்று நினைத்து விட்டுவிடுவதும் நடக்கிறது.

நள்ளிரவில் பஸ் நிற்கும் கடையில் கொத்துரொட்டி சாப்பிடலாமா என்று அடுத்து கேட்பீர்கள். ஊசி போட்டு ஐந்து மணித்தியாலம் கழித்து ஒரு தட்டுக் கொத்து என்றால் விடியச் சீனி 300க்கு மேலேயும் நிற்கக்கூடும். அவித்த முட்டை, ஒரு கைப்பிடி அவித்த கடலை, இரண்டு பிஸ்கட், போதும்.

தண்ணீர் விசயத்தில் உங்களைக் குறைசொல்ல மாட்டேன். ஏ9 வீதியில் இரவில் ஒரு பெண் போகக்கூடிய மலசலகூடங்கள் எத்தனை இருக்கின்றன என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் எட்டு மணித்தியாலம் குடிக்காமல், அடக்கிக்கொண்டு இருந்தால் சலரோகக்காரருக்குச் சிறுநீர்த்தொற்று வருவது சுலபம். லொசாட்டன் எடுப்பவருக்கு உடம்பில் தண்ணீர் வற்றினால் சிறுநீரகமும் அடிவாங்கும். வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் காரணம் தெளிவாகாத சிறுநீரக வருத்தம் ஏற்கெனவே இருக்கும் ஊர். அதனால் கால்வலிக்கு டைக்குளோபெனக் போன்ற குளிசையைப் பாமசியில் வாங்கிப் போடுவதை அடியோடு விடுங்கள். வலிக்குப் பரசிற்றமோல் போதும். தண்ணீருக்கு இப்படிச் செய்யுங்கள்: பஸ்ஸுக்கு இரண்டு மணித்தியாலம் முன்னர் இரண்டு கிளாஸ் குடித்து, ஏறுமுன் போய்வாருங்கள். பிறகு மணிக்கு நாலைந்து மிடறு. முட்டாவிட்டாலும் பஸ் நிற்கும் இடமெல்லாம் இறங்கிப் போங்கள். மாலையில் பிளேன்ரீ, கோப்பி வேண்டாம். ரயில் கிடைக்கும் நாளென்றால் ரயிலில் போவதையே நான் சொல்வேன். உள்ளேயே மலசலகூடம் இருக்கிறது, எழும்பி நடக்கலாம், சத்தியும் குறைவு.

கால் வீக்கத்துக்கு இரண்டு காரணம் சேர்ந்திருக்கிறது. ஒன்று, தொங்கவிட்ட கால். மற்றது, அம்லோடிபின். அந்தக் குளிசை சிலருக்குக் கணுக்காலை வீங்கவைக்கும். வீட்டில் இருக்கும்போதும் பின்னேரங்களில் செருப்பு வார் பதிந்த அடையாளம் தெரிந்தால் கிளினிக்கில் சொல்லுங்கள், மாற்றித் தருவார்கள். நீங்களாக நிறுத்தவேண்டாம். பஸ்ஸில் நடைபாதைப் பக்கச் சீற் எடுங்கள், காலடியில் பையை வைத்து அடைக்கவேண்டாம். மணிக்கொருமுறை குதியை ஊன்றி முன்பாதத்தைத் தூக்கி, பிறகு விரலை ஊன்றிக் குதியைத் தூக்கி, 30 தடவை. கெண்டைக்கால் இறுகித் தளர்ந்தால்தான் இரத்தம் மேலே ஏறும். பஸ் நின்றால் ஐந்து நிமிடம் நடவுங்கள். போய்ச் சேர்ந்து கால்மணித்தியாலம் காலை உயர்த்திப் படுத்தால் இரண்டு பக்க வீக்கமும் வடியும். ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி, சூடாகி, அமுக்க நோகிறதென்றால் இரத்தம் கட்டியிருக்கலாம், அன்றே வைத்தியசாலை. அதோடு மூச்சு வாங்கினாலும் நெஞ்சு நொந்தாலும் 1990.

இனி இந்தியப் பயணம். நேர வித்தியாசம் இல்லை, ஆகவே ஊசி நேரத்தை மாற்றவேண்டாம். பெரிய ஆபத்து மருந்துக்கடையில் இருக்கிறது. இங்கே உங்களுக்குத் தரும் போத்தலில் ஒரு மில்லிலீற்றருக்கு 100 அலகு. இந்தியாவில் 40 அலகுப் போத்தல்களும் தாராளமாக விற்கிறார்கள், அதற்குச் சிவப்பு மூடிச் சிறிஞ்சு. 100 அலகுக்குச் செம்மஞ்சள் மூடி. உங்கள் செம்மஞ்சள் மூடிச் சிறிஞ்சில் அங்கே வாங்கிய 40 அலகு மருந்தை 16ஆம் கோடுவரை இழுத்தால் உடம்புக்குப் போவது 6 அலகு சொச்சம்தான். மாறி நடந்தால் இன்னும் மோசம்: இங்கத்தைய மருந்தைச் சிவப்பு மூடிச் சிறிஞ்சில் 16 இழுத்தால் போவது 40 அலகு. உயிருக்கே ஆபத்து. ஆகவே நாட்கணக்குக்கு மேல் ஒரு கிழமைக்கு மருந்தும் சிறிஞ்சும் இங்கிருந்தே கொண்டுபோங்கள். வாங்கியே ஆகவேண்டுமென்றால் போத்தலையும் சிறிஞ்சையும் சோடியாக வாங்கி, இரண்டிலும் இலக்கம் ஒன்றா என்று பாருங்கள்.

இன்சுலினைக் கைப்பையில் வையுங்கள். விமானத்தின் அடியில் போகும் பெட்டியிலும், பஸ்ஸின் பின்டிக்கியிலும் வேண்டாம். திறந்த போத்தல் 30 பாகைக்குக் கீழே நாலு கிழமை தாங்கும், வெயிலில் நிற்கும் வானுக்குள் ஒரு பகலே கெடுத்துவிடும். அகன்ற வாய்ப் பிளாஸ்க்கில் குளிர்தண்ணீர் ஊற்றிக் கால்மணித்தியாலம் வைத்து, ஊற்றிவிட்டு, போத்தலைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்தால் அன்றைய பகலுக்குப் போதும். ஐஸ் மேலே நேரே வைக்கக்கூடாது, உறைந்த இன்சுலின் உருகியபிறகும் உதவாது. லொட்ஜ் குளிர்சாதனப்பெட்டியில் பின்சுவரோடு ஒட்டி வைத்தாலும் உறையும். மிக்ஸ்ராட் கலங்கலாக இருப்பது இயல்பு. உள்ளங்கைகளுக்கு இடையில் பத்துத் தடவை உருட்டியபிறகும் கட்டி மிதந்தாலோ, கண்ணாடியில் வெள்ளையாக ஒட்டிக்கிடந்தாலோ எறிந்துவிடுங்கள்.

கோயில்களில் கால் கவனம். 11 வருசச் சலரோகத்தில் பாதத்தின் உணர்ச்சி குறைந்திருக்கக்கூடும். மத்தியானக் கருங்கல்லில் மற்றவர் துள்ளும்போது நீங்கள் சும்மா நடந்தால் அது பக்தி என்று நினைக்கவேண்டாம், பாதம் வெந்துகொண்டிருக்கும். வற்றாப்பளைப் பொங்கலுக்குச் சுடுமணலில் நடந்து கொப்புளத்தோடு வருபவர்களும் இதே ஆட்கள்தான். தரிசனத்தைக் காலை எட்டு மணிக்கு முன்னரோ பொழுதுபட்டபிறகோ வையுங்கள். கோயில் விட்டால் தடித்த பருத்திக் காலுறை போடுங்கள். திருவண்ணாமலைக் கிரிவலம் 14 கிலோமீற்றர். நாளாந்தம் ஒரு மணித்தியாலம் நடந்து பழகாதவர் அதைத் தொடவேண்டாம். முற்றும் சுற்றத்தான் வேண்டுமென்றால் பாதியை ஓட்டோவில் போங்கள். இரவில் ஒரு சின்னக் கண்ணாடியைத் தரையில் வைத்து இரண்டு உள்ளங்காலையும் விரலிடுக்கையும் பாருங்கள். கொப்புளம் இருந்தால் உடைக்கவேண்டாம். கழுவி, துடைத்து, சுத்தமான துணி சுற்றி, மறுநாள் நடையை நிறுத்துங்கள்.

வயிற்றோட்டமோ சத்தியோ தொடங்கினால் ஒரு பொட்டலம் ஜீவனியை (உப்பும் சீனியும் கலந்த தூள்) ஒரு லீற்றர் ஆறிய கொதிதண்ணீரில் கரைத்து அன்றைக்குள் குடித்து முடியுங்கள். அதில் சீனி இருக்கிறதே என்று சலரோகக்காரர் பயப்படத் தேவையில்லை. வயிற்றோட்டமும் சத்தியும் நிற்கும்வரை மெற்போமினையும் லொசாட்டனையும் நிறுத்துங்கள். சரியாகச் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி ஒரு நாள் கழித்துத் திரும்ப எடுங்கள். இன்சுலினை நிறுத்தாமல் நாலு மணித்தியாலத்துக்கு ஒருமுறை சீனி பாருங்கள். ஒன்றும் உள்ளே தங்கவில்லையென்றால் வைத்தியசாலைக்குப் போங்கள்.

திரும்பி வந்தபிறகு காய்ச்சல் வந்தால், அது மாதக்கணக்கில் பிந்தி வந்தாலும், "இந்தியா போய்வந்தேன்" என்று முதலிலேயே சொல்லி மலேரியாவுக்கு இரத்தம் பார்க்கச் சொல்லுங்கள். இலங்கை 2016இல் மலேரியா அற்ற நாடாக அறிவிக்கப்பட்டதால் இப்போது யாருக்கும் அந்த யோசனை உடனே வருவதில்லை. நுளம்பு மட்டும் இங்கேதான் இருக்கிறது. இந்தியாவின் நகரங்களில் மலேரியாவைப் பரப்பும் வகை மன்னாரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. காய்ச்சலுக்குப் பரசிற்றமோலைத் தவிர வேறு வலிக்குளிசை போடவேண்டாம், டெங்குவாகவும் இருக்கலாம்.