லண்டனில் இவ்வளவு வீட்டுத் தட்டுப்பாடு இருக்கும்போது தண்ணீர்க்கரையில் 1,524 வீடுகள் கட்டும் திட்டத்தை ஏன் மறுத்தார்கள்?

நீங்கள் கேட்பது கிழக்கு லண்டனில் ஐல் ஆஃப் டாக்ஸில் உள்ள வெஸ்ட்ஃபெரி அச்சக மனையைப் பற்றி. பழைய பத்திரிகை அச்சகம் இருந்த இடம் அது. சும்மா கிடக்கும் இடத்தில் வீடு கட்ட வருபவரைத் தடுப்பது என்ன நியாயம் என்கிறீர்கள். அந்த மனைக்குப் பக்கத்தில் நான்கு வருடம் வாடகைக்கு இருந்தவன் நான். அங்கே இருந்தபோது எனக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் அங்கே வீடு கட்டவே கூடாது என்று யாரும் சொல்லவில்லை. 2016-ல், போரிஸ் ஜான்சன் லண்டன் மேயராக இருந்தபோது, அதே மனையில் 722 வீடுகளுக்கு அனுமதி கிடைத்தது. அந்த அனுமதி கையில் இருக்கும்போதே 2018-ல் புது மனு வந்தது. வீடுகள் இரண்டு மடங்குக்கும் மேல், கோபுரங்கள் 44 மாடி வரை. மறுக்கப்பட்டது இந்தப் பெரிய திட்டம்தான்.

மனைக்கு முன்னால் மில்வால் அவுட்டர் டாக் என்ற பழைய கப்பல்துறை. கப்பல்கள் வந்துபோன காலம் முடிந்து, இப்போது அங்கே பாய்மரப் படகுப் பயிற்சி நடக்கிறது. சாயங்காலம் கரையில் நின்று பார்த்திருக்கிறேன். காற்று சீராக வரும் வரை சின்னப் படகின் பாய் விம்மி நிற்கும். உயரமான கட்டடத்தின் மறைவுக்குள் வந்ததும் அப்படியே துவண்டுவிடும். அப்புறம் எதிர்பாராத பக்கத்திலிருந்து ஒரு வீச்சு. படகில் இருக்கும் பிள்ளை பதறிப்போய்க் கயிற்றைப் பிடித்து இழுக்கும். புதுக் கோபுரங்கள் இந்தக் காற்றை என்ன செய்யும் என்று அங்குள்ளவர்கள் கேட்டதை, வெளியிலிருந்து பார்த்தால் சில்லறை விஷயம் என்று நினைக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தப் பகுதிப் பிள்ளைகளுக்கு இருக்கும் திறந்தவெளிகளில் அந்தத் தண்ணீரும் ஒன்று.

சரி, என்னை அதிகம் உறுத்திய விஷயம் வேறு. புதுத் திட்டத்தில் சாதாரண வருமானக்காரர்களுக்குக் கட்டுப்படியாகும் வீடுகளின் பங்கு 21 சதவீதம். அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றமான டவர் ஹாம்லெட்ஸ் கவுன்சிலின் கொள்கை அப்போது குறைந்தது 35 சதவீதம் கேட்டது. இதற்குமேல் கொடுத்தால் லாபம் நிற்காது என்று கட்டுநர் ஒரு கணக்கைக் காட்டலாம்; இங்கிலாந்தின் கட்டட அனுமதி விதிகளில் அதற்கு இடம் உண்டு. நிலத்தின் விலையை எவ்வளவு என்று போடுகிறார்கள், விற்பனை விலையை எவ்வளவு என்று ஊகிக்கிறார்கள் என்பதைப் பொறுத்து அந்தக் கணக்கு எப்படி வேண்டுமானாலும் மாறும். 21-க்கும் 35-க்கும் உள்ள இடைவெளி, தோராயமாகப் பார்த்தால், 200-க்கு மேற்பட்ட குடும்பங்கள். தட்டுப்பாடு என்று நாம் சொல்லும்போது யாரை நினைத்துச் சொல்கிறோமோ, அதே குடும்பங்கள்.

கட்டுநரின் மேல்முறையீட்டை விசாரித்த அரசு ஆய்வாளர் மறுக்கும்படிதான் பரிந்துரைத்தார். அதையும் மீறி, 2020 ஜனவரி 14 அன்று அப்போதைய வீட்டுவசதி அமைச்சர் ராபர்ட் ஜென்ரிக் அனுமதி கொடுத்தார். மறுநாள் கவுன்சில் புதிய உள்கட்டமைப்பு வரிக்கு ஒப்புதல் தர இருந்தது. ஒரு நாள் தாமதித்திருந்தால் கட்டுநர் சுமார் 4 கோடி பவுண்டு கூடுதலாகக் கட்ட வேண்டியிருந்திருக்கும். அதற்கு முந்தைய நவம்பரில் கன்சர்வேடிவ் கட்சிக்கு நிதி திரட்டும் விருந்து ஒன்றில் அமைச்சரும், மனையின் உரிமையாளரும் கட்டுநருமான ரிச்சர்ட் டெஸ்மண்டும் ஒரே மேசையில் உட்கார்ந்திருந்தார்கள். கவுன்சில் வழக்குப் போட்டது. தன் முடிவு பாரபட்சமாகத் தோன்ற இடமிருந்ததால் அது சட்டப்படி செல்லாது என்று 2020 மே மாதம் அமைச்சரே ஒப்புக்கொண்டார். உண்மையில் பாரபட்சம் எதுவும் காட்டவில்லை என்பது அவர் நிலைப்பாடு.

பிறகு மறுபடி முதலிலிருந்து விசாரணை. 2021 நவம்பரில் வேறொரு அமைச்சர் மறுத்துவிட்டார். கிரீனிச் உலகப் பாரம்பரியப் பகுதி, டவர் பிரிட்ஜ் இவற்றின் தோற்றத்துக்கு அந்த உயரம் கேடு செய்யும் என்பது முக்கியமான காரணங்களில் ஒன்று.

இந்த இழுபறியில் வருடங்கள் போனது உண்மை. அதற்குள் அங்கே குடியேறியிருக்க வேண்டியவர்களை நினைத்தால் எனக்கும் மனசு கனக்கிறது. அவர்களுக்காகத்தான் கேட்கிறேன்: 2016-லேயே அனுமதி கிடைத்த அந்த 722 வீடுகளை ஏன் அப்போதே கட்டி முடிக்கவில்லை?