பிரசவத்துக்குப் பிறகு படுத்தால் மூச்சு முட்டுவது ஏன்?

பிரசவமாகிப் பத்து நாளான தங்கைக்குப் படுத்தால் மூச்சு முட்டுகிறது, வெறும் அசதிதானா என்று கேட்டிருக்கிறீர்கள். அசதி என்று விடாதீர்கள், இன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தால்தான் தூக்கம், நடு இரவில் இருமிக்கொண்டு எழுந்து உட்காருகிறார் என்றால் இதயக் கோளாறால் நுரையீரலில் நீர் கோத்திருக்கலாம். சிறு வயதில் தொண்டைப் புண்ணுக்குப் பின் வந்த ருமாட்டிக் காய்ச்சல் சிலருக்கு இதய வால்வைச் சுருக்கிவிடும். பல வருடம் வெளியே தெரியாது. கர்ப்பத்தில் ரத்தம் 40–50 சதவீதம் வரை கூடும். பிள்ளை பிறந்ததும் கருப்பை சுருங்கி இன்னும் ரத்தம் இதயத்துக்குத் திரும்பும். குறுகிய வால்வு அப்போதுதான் திணறும். வால்வு நன்றாக இருந்து, இதயத் தசையே பலவீனமாவதும் உண்டு. அது பிரசவத்துக்குப் பின் 5 மாதம் வரைகூட வரலாம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்தால் இரண்டும் தெரிந்துவிடும். ரத்தசோகை என்று சத்து மாத்திரையோடு அனுப்பினால், தயங்காமல் எக்கோ கேளுங்கள். திடீரென்று நெஞ்சு வலித்தாலோ உதடு நீலம் பாரித்தாலோ உடனே 108.