இறுதியாண்டு ப்ராஜெக்ட்: கேளுங்கள், சொல்கிறேன்

கணினி அறிவியல் மாணவர்களுக்கு வழிகாட்டியாகவும், வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், கேள்வி கேட்பவனாகவும் பல வருடங்கள் உட்கார்ந்திருக்கிறேன். வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இங்கே. கொஞ்சம் காரமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: செயற்கை நுண்ணறிவு, பிளாக்செயின் இரண்டையும் சேர்த்து ஒரு வருகைப்பதிவுச் செயலி செய்யப் போகிறோம். தலைப்பு எடுபடுமா, சார்?

தலைப்பு எடுபடும், நீங்கள்தான் மாட்டிக்கொள்வீர்கள். பிளாக்செயின் எதற்கு என்பதே முதல் கேள்வியாக வரும். ஒருவரையொருவர் நம்பாத பலர் ஒரே பதிவேட்டைப் பகிர்ந்துகொள்ளும் இடத்தில்தான் அதற்கு வேலை. உங்கள் பதிவேட்டை வைத்திருப்பது ஒரே கல்லூரி. சாதாரணத் தரவுத்தளம் தாராளமாகப் போதும். முகத்தைப் பார்த்து வருகை பதிவதை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய வெளிச்சத்தில் எத்தனை முகங்களைத் தவறவிடுகிறது? கைபேசியில் இருக்கும் புகைப்படத்தை நீட்டினால் ஏமாறுகிறதா? இந்த இரண்டையும் அளந்துகொண்டு வாருங்கள், அதுவே ஒரு வருட வேலை.

கேள்வி: மோசடிப் பரிவர்த்தனைகளைக் கண்டுபிடிக்கும் எங்கள் மாடல் (தரவைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் நிரல்) 99% துல்லியம் காட்டுகிறது. வழிகாட்டி நம்ப மறுக்கிறார்.

நானும் நம்பவில்லை. 1000 பரிவர்த்தனைகளில் 10 மட்டும் மோசடி என்று வையுங்கள். எதைக் கொடுத்தாலும் ‘மோசடி இல்லை’ என்று சொல்லும் ஒரு வரி நிரலும் 99% வாங்கிவிடும், ஒரு மோசடியைக்கூடப் பிடிக்காமல். ஆகவே துல்லியத்தை ஓரமாக வையுங்கள். இருந்த மோசடிகளில் எத்தனை பிடிபட்டன, மோசடி என்று சொன்னவற்றில் எத்தனை உண்மையில் மோசடி என்ற இரண்டு எண்களையும் காட்டுங்கள்.

இன்னொரு சந்தேகமும் இருக்கிறது. தரவில் மோசடிப் பதிவுகள் குறைவு என்று அவற்றை நகலெடுத்துப் பெருக்கினீர்களா? மாடலுக்குக் கற்றுக்கொடுக்க ஒரு பகுதி, அதைச் சோதிக்க ஒரு பகுதி என்று தரவைப் பிரிப்பதற்கு முன்பா, பின்பா? முன்பு என்றால் ஒரே பதிவின் நகல்கள் இரண்டு பக்கமும் போயிருக்கும். வினாத்தாளை முன்கூட்டியே பார்த்துவிட்டுத் தேர்வு எழுதிய கதைதான். ஒரு குழுவிடம் முதலில் பிரித்துவிட்டுப் பிறகு பெருக்கச் சொன்னேன். என் எதிரிலேயே ஓட்டினார்கள். பிடிபட்ட மோசடிகள் பாதிக்கும் கீழே இறங்கின, யாரும் பேசவில்லை. பிறகு அந்தச் சறுக்கலையே ஓர் அத்தியாயமாக எழுதினார்கள். அந்த அறிக்கையில் உருப்படியான அத்தியாயம் அதுதான்.

கேள்வி: குழுவில் நான்கு பேர். வேலை செய்வது நான் ஒருத்தி மட்டும்.

நிரலில் செய்யும் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் (Git) மென்பொருளைப் பயன்படுத்துங்கள். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுபவர்களுக்காக 2005-ல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கியது; எந்த வரியை யார், எப்போது மாற்றினார் என்பதை அது மறக்காது. அவரவர் கணக்கிலிருந்து அவரவர் கமிட் செய்யட்டும், அதாவது தங்கள் மாற்றத்தைப் பதியட்டும். மூன்று மாத வரலாற்றில் ஒரே பெயர் இருந்தால் நீங்கள் புகார் சொல்லவே தேவையில்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன்: மற்றவர்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்தீர்களா, இல்லை ‘நானே முடித்துவிடுகிறேன்’ என்று எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டீர்களா? நான் அதிகம் பார்த்தது இரண்டாவது வகையை.

கேள்வி: ஆயத்த ப்ராஜெக்டைக் காசு கொடுத்து வாங்கினால் தெரிந்துவிடுமா?

தெரியும். ஏதாவது ஒரு வரியைக் காட்டி, ‘இதை நீக்கினால் என்ன ஆகும்?’ என்று கேட்பேன். எழுதியவர் தவறாகவாவது ஒரு பதில் சொல்வார். வாங்கியவர் பக்கத்தில் இருப்பவரைப் பார்ப்பார். ஏஐ எழுதிக்கொடுத்த நிரலுக்கும் இதே கேள்விதான்.

கேள்வி: வைவா அன்று டெமோ ஓடாமல் போனால்?

போகும், அதை எதிர்பார்த்தே வாருங்கள். பயன்படுத்திய நிரல் நூலகங்களின் (பிறர் எழுதிவைத்த ஆயத்த நிரல் தொகுப்புகளின்) பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்து, இதுவரை உங்கள் நிரலைப் பார்த்தே இராத ஒரு நண்பரின் மடிக்கணினியில் புதிதாக நிறுவிப் பாருங்கள். ‘என் கணினியில் ஓடுகிறதே’ என்ற வசனம் அங்கேயே அடிபட்டுவிடும். இணையம் இல்லாமலும் ஓட வேண்டும். ஓடும்போது எடுத்த திரைப்பதிவு ஒன்று பென் டிரைவில் இருக்கட்டும்.

கேள்வி: அறிக்கையைக் கடைசி வாரத்தில் எழுதினால் போதுமா?

எழுதிவிடலாம், தினமும் இரண்டு வரி தேதி போட்டுக் குறித்து வைத்திருந்தால். இல்லையென்றால் இன்றைக்கே ஒரு நோட்டு வாங்குங்கள்.