நால்வர் மேசைக்கு டெக் கட்டுவது எப்படி?

கேள்வி: மேஜிக்: தி கேதரிங் என்ற சீட்டு விளையாட்டில் இருவர் ஆட்டம் எனக்கு நன்றாகவே வரும். அண்மையில்தான் நால்வர் ஆடும் 'கமாண்டர்' வகைக்கு வந்தேன், அதில் ஆளுக்கு ஒரு தலைவர் கார்டு (அதன் பெயரும் கமாண்டர்) உண்டு. கறுப்பு-பச்சை நிற டெக் (சீட்டுக்கட்டு) வைத்திருக்கிறேன். கமாண்டர் போக மீதி 99 கார்டுகள் இவை: லேண்ட் (கார்டுகளைப் போடச் செலவாகும் மானாவைத் தரும் நிலம்) 34, ரேம்ப் (மானாவை வேகமாகப் பெருக்குபவை) 6, கார்டு டிரா (கூடுதல் கார்டு எடுக்க விடுபவை) 5, ஒற்றை இலக்கை அழிப்பவை 12, எதிராளியின் கையிலிருந்து ஒரு கார்டைப் பிடுங்குபவை 5, போர்டு வைப் (மேசையில் உள்ள கிரீச்சர்களை மொத்தமாகத் துடைப்பவை) 2, கிரீச்சர்கள் (சண்டை போடும் உயிரினங்கள்) 35. கமாண்டரை இறக்க 5 மானா. தொடக்கத்தில் நான்தான் முன்னால் இருக்கிறேன். பாதி ஆட்டத்தில் கை காலியாகிவிடுகிறது, முதலில் வெளியேறுவதும் நான்தான். எதை மாற்ற வேண்டும்?

பதில்: உங்கள் பட்டியல் ஒரே ஓர் எதிராளியை நினைத்துக் கட்டியது. மூன்று பேர் எதிரே உட்கார்ந்ததும் அதே கார்டுகளின் மதிப்பு மாறிவிடுகிறது. அந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்த்துவிட்டால், எதை எடுப்பது, எதைச் சேர்ப்பது என்பது பெரும்பாலும் தானாகவே விளங்கும்.

வழக்கமான இருவர் ஆட்டத்தில் எதிராளிக்கு 20 லைஃப். கமாண்டரில் ஆளுக்கு 40, மூவருக்கும் சேர்த்து 120. லைட்னிங் போல்ட் தரும் 3 டேமேஜ் அங்கே வேலையில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்கை முடித்துவிடும். இங்கே அது நாற்பதில் ஒரு பங்குதான். கார்டுகளுக்கும் இதே கதிதான். நீங்கள் ஒரு கார்டைச் செலவழித்து ஒருவரின் கிரீச்சரை அழிக்கிறீர்கள். உங்களுக்கு ஒன்று குறைந்தது, அவருக்கும் ஒன்று குறைந்தது. மற்ற இருவரும் ஒன்றும் செலவழிக்காமலேயே உங்கள் இருவரையும் தாண்டிவிட்டார்கள். உங்கள் டெக்கில் இப்படிப்பட்ட ஒன்றுக்கு ஒன்று கார்டுகள் 12-ம் 5-ம் சேர்த்து 17 இருக்கின்றன. கை காலியாவதற்கு முதல் காரணம் இதுதான்.

அதனால் ஒவ்வொரு கார்டையும் கையில் எடுத்து அதில் உள்ள வாசகத்தைப் படியுங்கள். 'டார்கெட் அப்போனன்ட்' என்று இருந்தால் அது ஒருவரை மட்டும் தொடும். 'ஈச் அப்போனன்ட்' என்று இருந்தால் மூவரையும் தொடும். இதற்கு உங்கள் நிறத்திலேயே நல்ல சான்று உண்டு. பிளட் ஆர்டிஸ்ட், ஸுலபோர்ட் கட்த்ரோட் இரண்டும் 2 மானா கிரீச்சர்கள். பிளட் ஆர்டிஸ்ட், யாருடைய கிரீச்சர் செத்தாலும் ஒருவரிடமிருந்து 1 லைஃப் உறிஞ்சும். கட்த்ரோட், உங்கள் கிரீச்சர் செத்தால் மட்டும் வேலை செய்யும். ஆனால் எதிராளிகள் ஒவ்வொருவரும் 1 இழப்பார்கள். உங்களுடையவை 10 செத்தால் கட்த்ரோட் மொத்தம் 30 லைஃபைக் குறைத்திருக்கும். அதே 10 சாவுக்கு பிளட் ஆர்டிஸ்ட் 10-தான் குறைக்கும். உங்கள் கிரீச்சர்களை நீங்களே பலி கொடுத்து ஆடும் டெக் என்றால் கட்த்ரோட்தான் முதலில் உள்ளே போக வேண்டும். மேசை முழுவதையும் துடைக்கும் டெக் என்றால் பிளட் ஆர்டிஸ்டும் தன் இடத்தைச் சம்பாதித்துக்கொள்ளும்.

கையைப் பிடுங்கும் 5 கார்டுகளையும் தயக்கமின்றி எடுத்துவிடுங்கள். இருவர் ஆட்டத்தில் இந்த வகையைச் சேர்ந்த தாட்சீஸ் பயங்கரமான கார்டு. நால்வர் மேசையில் அது ஒருவரின் பகையைச் சம்பாதிப்பதோடு சரி. அந்த எண்ணம் பிடித்திருந்தால் சிஃபான் மைண்ட் போடுங்கள். 4 மானாவுக்கு மற்ற மூவரும் ஆளுக்கு ஒரு கார்டைக் கைவிடுவார்கள், கைவிட்ட ஒவ்வொன்றுக்கும் நீங்கள் ஒன்று எடுப்பீர்கள். ஒன்றைக் கொடுத்து மூன்றைப் பெறுவது இங்கே நல்ல வியாபாரம்.

ஒற்றை இலக்கு அழிப்பை முழுவதும் தூக்கிவிடக் கூடாது. யாராவது அடுத்த டர்னில் ஜெயிக்கப் போகிறார் என்றால் அவரை நிறுத்த ஏதாவது வேண்டும். 7 போதும். ஆனால் அந்த 7-ம் எதையும் அழிக்கக்கூடியதாக இருக்கட்டும். கிரீச்சரை மட்டுமே கொல்லும் கார்டு, எதிராளியின் என்சாண்ட்மென்ட் (மேசையில் தங்கும் மந்திரக் கார்டு) உங்களை நசுக்கும்போது கையில் வெறும் காகிதம். பீஸ்ட் விதின், அசாசின்ஸ் ட்ரோஃபி இரண்டும் எதிராளியின் எந்த பெர்மனன்டையும் (மேசையில் தங்கும் கார்டையும்) அழிக்கும். ஃபீட் தி ஸ்வார்ம் கிரீச்சரையும் என்சாண்ட்மென்டையும் கவனித்துக்கொள்ளும். கல்லறையிலிருந்து (செத்த, செலவான கார்டுகள் சேரும் குவியலிலிருந்து) கார்டுகளை எழுப்பும் எதிராளிக்கு, அதைக் காலி செய்யும் போஜூகா பாக் ஒன்றை லேண்ட் கணக்கிலேயே வைத்துக்கொள்ளலாம், தனி இடம் கேட்காது.

போர்டு வைப் 2 என்பது போதாது. தொடக்கக் கை 7, அதோடு டர்னுக்கு ஒன்று என்று எடுத்தால் (நால்வர் ஆட்டத்தில் முதலில் ஆடுபவரும் முதல் டர்னிலேயே கார்டு எடுப்பார்) 8-ஆம் டர்னுக்குள் 15 கார்டுகள் பார்த்திருப்பீர்கள். 2 வைப் இருந்தால் அதற்குள் ஒன்றாவது வருவதற்கான வாய்ப்பு 28%. 4 இருந்தால் 49%. உங்கள் நிறத்தில் டாக்ஸிக் டெலூஜ், டேம்னேஷன் இரண்டும் முதலில் நினைவுக்கு வர வேண்டியவை. 4-க்கு மேல் போனால் உங்கள் கிரீச்சர்களையே நீங்கள் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டு ஆட்டத்தை இழுத்தடிப்பீர்கள். அது மேசையில் யாருக்கும் பிடிக்காது.

இனி அடித்தளத்துக்கு வருவோம். 34 லேண்ட் வைத்தால் தொடக்கக் கையில் ஒரு லேண்டும் வராமலோ ஒன்றே ஒன்று வந்தோ போகும் வாய்ப்பு சுமார் 24%. 37 வைத்தால் அது 19%-க்குக் கீழே இறங்குகிறது. பார்வைக்குச் சின்ன வித்தியாசம்தான். ஆனால் 5 மானா கமாண்டரை நம்பி ஆடும் டெக்கில் 4-ஆவது, 5-ஆவது லேண்ட் தவறுவதுதான் அடிக்கடி நடக்கும் விபத்து. 37 லேண்ட் இருந்தாலும் 5-ஆம் டர்னுக்குள் பார்க்கும் 12 கார்டுகளில் சராசரியாக 4.5 லேண்ட்தான் வரும். மீதியை ரேம்ப் நிரப்ப வேண்டும்.

ரேம்ப் 6 இருந்தால் 2-ஆம் டர்னுக்குள் ஒன்று கையில் இருக்கும் வாய்ப்பு 44%. 11 இருந்தால் 67%. ஆனால் 2-ஆம் டர்னில் கையில் இருந்தால் போதாது, போடவும் முடிய வேண்டும். எனவே 11-இல் குறைந்தது 8, 2 மானாவோ அதற்குக் குறைவோ செலவாகும் கார்டுகளாக இருக்கட்டும்: சோல் ரிங், ஆர்கேன் சிக்னெட், கோல்காரி சிக்னெட், ரேம்பன்ட் குரோத், நேச்சர்ஸ் லோர், த்ரீ விசிட்ஸ், ஃபார்சீக் போன்றவை. கல்டிவேட், கோடாமாஸ் ரீச் 3 மானா என்றாலும் ஒரு லேண்டை மேசைக்கும் இன்னொன்றைக் கைக்கும் தருவதால் அவற்றுக்கு இடம் கொடுக்கலாம். லனோவார் எல்வ்ஸ் போன்ற மானா கிரீச்சர்களை இரண்டு மூன்றோடு நிறுத்துங்கள். நான்கு பேர் மேசையில் யாரோ ஒருவர் போர்டு வைப் போட்டே தீருவார், அதில் உங்கள் மானாவும் சேர்ந்து போகும். லேண்டாக இறங்கிய ரேம்பை அவ்வளவு எளிதில் யாரும் தொட மாட்டார்கள். பச்சை நிறத்தின் பெரிய பலமே இதுதான். இன்னொன்று, பழைய பட்டியல்களைப் பார்த்து மானா கிரிப்ட், ஜுவல்டு லோட்டஸ் தேடிப் போகாதீர்கள். 2024 செப்டம்பரில் இரண்டும் கமாண்டரில் தடை செய்யப்பட்டன.

கார்டு டிரா 5-ஐ 10 ஆக்குங்கள். 4-ஆம் டர்னுக்குள் ஒன்றாவது கிடைக்கும் வாய்ப்பு 45%-லிருந்து 71%-க்கு ஏறும். ஒருமுறை இரண்டு கார்டு தந்துவிட்டு முடிந்துபோகும் கார்டுகளைவிட, மேசையில் இருந்துகொண்டே தருபவை நால்வர் ஆட்டத்தில் அதிகம் சம்பாதிக்கும், ஏனென்றால் ஆட்டம் நீளம். ஃபைரெக்ஸியன் அரீனாவை 3-ஆம் டர்னில் இறக்கினால், அது அழியாமல் இருக்கும்வரை 9-ஆம் டர்னுக்குள் 6 கூடுதல் கார்டுகள் தந்திருக்கும், உங்களுக்குச் செலவு 6 லைஃப். 40 லைஃபில் அது தாங்கும்.

இவற்றோடு பாதுகாப்புக்கு 4 கார்டு சேருங்கள். ஹீரோயிக் இன்டர்வென்ஷன் 2 மானாவில் உங்கள் மேசை முழுவதையும் அழிவிலிருந்து காக்கும். டேம்னேஷன் வந்தாலும் உங்கள் கிரீச்சர்கள் நிற்கும். ஆனால் டாக்ஸிக் டெலூஜ் பலத்தைக் குறைத்துக் கொல்வதால் அதற்கு இது உதவாது. அழிப்பது வேறு, சுருக்கிச் சாகடிப்பது வேறு. இதைக் குழப்பிக்கொண்டு கார்டை வீணாக்குபவர்கள் நிறையப் பேர்.

கூட்டிப் பாருங்கள்: லேண்ட் 37, ரேம்ப் 11, டிரா 10, ஒற்றை அழிப்பு 7, போர்டு வைப் 4, பாதுகாப்பு 4. மொத்தம் 73. உங்கள் சொந்தத் திட்டத்துக்கு 26 இடம் மீதி. கிரீச்சர்களில் 9 வெளியே போக வேண்டும். இதுதான் மனதுக்குக் கஷ்டமான பகுதி. இப்படித் தேர்ந்தெடுங்கள்: கமாண்டர் மேசையில் இல்லாதபோதும் தனியாக ஏதாவது வேலை செய்கிறதா? இல்லையென்றால் அதுதான் முதலில் போக வேண்டியது. கமாண்டர் ஒருமுறை செத்துக் கமாண்ட் ஸோனுக்கு (அவருக்கான தனி இடத்துக்கு) திரும்பினால் அடுத்த முறை 7 மானா, அதற்கடுத்து 9. அவரை மட்டுமே நம்பிய கார்டுகள் அந்த இடைவெளியில் கையில் தேங்கிக் கிடக்கும்.

26-க்குள் ஆட்டத்தை முடிக்கும் கார்டுகள் 3 ஆவது இருக்க வேண்டும். பலரும் இதை மறந்துவிட்டு மேசையை நிரப்பி வைத்துக்கொண்டு விழிக்கிறார்கள். 120 லைஃபை எப்படிக் குறைக்கப் போகிறீர்கள் என்று காகிதத்தில் எழுதிப் பாருங்கள். ஒரே கமாண்டரிடமிருந்து சண்டையில் 21 டேமேஜ் வாங்கியவர் வெளியே, அப்படியானால் மூவருக்கும் 63 போதும். ஆனால் ஒவ்வொருவராக அடிக்க வேண்டும், நேரம் பிடிக்கும். கறுப்பில் எக்ஸாங்குவினேட் மூவரையும் ஒரே நேரத்தில் தொடும். 12 மானா இருந்தால் 10 வீதம் 30 லைஃபைக் குறைத்து உங்களுக்கு 30 சேர்க்கும். கிரே மெர்ச்சன்ட் வரும்போது உங்கள் பெர்மனன்டுகளின் விலையில் உள்ள கறுப்பு மானாக் குறிகளை எண்ணி, ஒவ்வோர் எதிராளியிடமும் அத்தனை லைஃபைக் குறைக்கும். தன்னுடைய 2-ஐயும் சேர்த்து 5 குறி இருந்தால் மூவரிடமும் சேர்த்து 15. பச்சையில் கூட்டமாகக் கிரீச்சர் வைத்திருந்தால் கிரேட்டர்ஹூஃப் பெஹிமத் ஒன்றே முடித்துவிடும்.

டெக்கைச் சரிசெய்த பிறகும், முதலில் வெளியேறும் பிரச்சினை ஆடும் முறையாலும் வரலாம். தொடக்கத்தில் முன்னால் இருப்பது இங்கே பரிசு அல்ல, மூன்று பேரின் பார்வையும் உங்கள் மேல் விழும். 4-ஆம் டர்னில் மேசையில் ஐந்து கிரீச்சர் நிறுத்தினால் அடுத்த போர்டு வைப் உங்களைக் குறிவைத்தே வரும். மேசையில் உள்ளதே போதிய மிரட்டலாக இருந்தால் கையில் இரண்டு கிரீச்சரை வைத்துக்கொண்டு லேண்டும் டிராவும் மட்டும் இறக்குங்கள். தாக்குவதிலும் கணக்கு உண்டு. இருவர் ஆட்டத்தில் தாக்கிவிட்டு டாப் ஆகி (பக்கவாட்டில் சாய்ந்து) நிற்கும் கிரீச்சர்கள் ஒரு டர்ன் மட்டும் காவலுக்கு இல்லாமல் போகும். இங்கே மூன்று பேரின் டர்ன் கடந்த பிறகே அவை நிமிரும். காவலுக்கு ஆள் விட்டுவிட்டுத் தாக்குங்கள். ஒரே டர்னில் வெவ்வேறு எதிராளிகளைப் பிரித்துத் தாக்கலாம் என்பதையும் பயன்படுத்துங்கள். யாருக்குத் தடுக்க ஆள் இல்லையோ அவருக்கு இரண்டு அனுப்பினால் போதும்.

எதிராளியின் கிரீச்சரைத் திருடி ஆடும் கார்டுகள் வைத்திருந்தால் ஒரு விதியை மறக்காதீர்கள்: ஒருவர் ஆட்டத்திலிருந்து வெளியேறும்போது அவருக்குச் சொந்தமான எல்லாக் கார்டுகளும் அவரோடு போய்விடும், உங்கள் பக்கம் நின்று சண்டை போடுவதும் சேர்த்து. கடன் வாங்கிய கிரீச்சரை வைத்து அதன் சொந்தக்காரரையே முதலில் வெளியேற்றினால் உங்கள் படையே கலைந்துவிடும்.

மேசையில் உட்காரும் முன் எந்த வேகத்தில் ஆடப் போகிறீர்கள் என்று பேசிக்கொள்ளுங்கள். 2025-இல் அறிமுகமான, டெக்குகளை வலுவைப் பொறுத்து 5 படிகளாகப் பிரிக்கும் பிராக்கெட் முறை இதற்காகவே வந்தது. மிக வலுவான கார்டுகளை 'கேம் சேஞ்சர்' என்று தனிப் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். 1, 2 பிராக்கெட்டுகளில் அவை கூடாது, 3-இல் மூன்று வரை வைக்கலாம். மேலே சொன்ன எண்ணிக்கை 2, 3 பிராக்கெட் ஆட்டங்களுக்குப் பொருந்தும். மிக வேகமான மேசைகளில் ரேம்ப் இன்னும் மலிவாகவும் லேண்ட் சற்றுக் குறைவாகவும் இருக்கும்.

மாற்றியதும் யாரோடும் ஆடாமல் தனியாக 10 முறை கலைத்துப் போட்டு, ஒவ்வொரு முறையும் 6 டர்ன் வரை ஆடிப் பாருங்கள். முதல் மல்லிகன் (பிடிக்காத தொடக்கக் கையைத் திருப்பிப் போட்டுப் புதிதாக எடுப்பது) பலர் ஆடும் ஆட்டத்தில் இலவசம், கார்டு குறையாது. எனவே 3 லேண்ட், அல்லது 2 லேண்டோடு மலிவான ரேம்ப் ஒன்று இல்லாத கையைத் தயங்காமல் திருப்பிப் போடுங்கள். கமாண்டர் எந்த டர்னில் இறங்கினார் என்று குறித்து வையுங்கள். 10-இல் 6 முறையாவது 5-ஆம் டர்னுக்குள் இறங்கவில்லை என்றால், 4 மானா செலவாகும் கார்டுகளில் இரண்டை எடுத்துவிட்டு 2 மானா ரேம்ப் சேருங்கள். அதன் பிறகு மேசையில் ஆடும்போது, ஆட்டம் முடிந்ததும் கையில் போடாமலேயே தங்கிய கார்டுகளை எழுதிக்கொள்ளுங்கள். ஒரே பெயர் மூன்று ஆட்டங்களில் வந்தால் அதை மாற்றலாம். ஒரு தடவையில் 4 கார்டுக்கு மேல் மாற்ற வேண்டாம், எந்த மாற்றம் என்ன செய்தது என்று பிறகு கண்டுபிடிக்க முடியாமல் போகும்.